நான்காம் மாதிரிப் புள்ளி

பைரிக் குஞ்சு முட்டையை உடைத்து வெளியே வந்ததிலிருந்து பறக்கும் வரை நாற்பத்திரண்டு நாள். அந்த நாற்பத்திரண்டு நாளும் கூடு எங்கே இருக்கிறது என்று நான் வெளியே மூச்சு விடக் கூடாது.

பேசாமல் இருப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. வீட்டில் என் பெயர் ஊமைக்கோட்டான். அக்கா வைத்தது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர், பதிலைப் பேசச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் எழுதிக் காட்டு என்று விட்டுவிட்டார். வேதியியலில் தேறிவிட்டேன். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலையும் கிடைத்தது. தண்ணீர் எதையும் திருப்பிக் கேட்காது என்பதால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

எங்கள் கூடம் ஒன்பதாவது மாடியில். அதற்கு மேல் லிஃப்ட் இயந்திர அறை மட்டும்தான். கூடத்தின் கோடியில் ரசாயனங்கள் வைக்கும் சின்ன அறை ஒன்று. வெள்ளி நைட்ரேட்டில் வெளிச்சம் பட்டால் கறுத்துவிடும். அதனால் அந்த அறையின் ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். ஒரு மூலையில் தாள் உரிந்திருந்தது. பசையும் தாளுமாகப் போனேன். உரிந்த ஓட்டையில் குனிந்தபோது வெளியிலிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது. மஞ்சள் வளையம் போட்ட கறுப்புக் கண்.

பைரி வல்லூறு வகை. மலைப் பாறையின் விளிம்பில் முட்டையிடும். பாறை இல்லாத ஊரில் உயரமான கட்டிடம்தான் அதற்குப் பாறை. ஜன்னலுக்கு வெளியே முழங்கை அகலத்தில் ஒரு சிமென்ட் விளிம்பு ஓடுகிறது. மழைக்குப் பாசி பிடித்துக் கறுத்துப்போன விளிம்பு. அங்கே சேர்ந்திருந்த மணலில் மூன்று முட்டைகளை வைத்துக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. நான் தாளை ஒட்டவில்லை. ஓட்டையை இன்னும் கொஞ்சம் வட்டமாக வெட்டினேன், போனின் கண் நுழையும் அளவுக்கு.

மூன்றும் பொரித்த அன்று எடுத்த படத்தை ராத்திரிச் சாப்பாட்டின்போது அக்காவிடம் காட்டினேன். அக்கா போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறாள்.

"எங்கடி எடுத்தே?"

நான் தட்டைப் பார்த்தேன்.

"சொல்ல மாட்டே. சரி விடு, உன் போன் சொல்லும்." போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினாள். திரையில் வரைபடம் விரிந்தது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. "இது உங்க ஆபீஸ்."

நான் போனைப் பிடுங்கப் பார்த்தேன்.

"என்ன முழிக்கிறே? நீ வாயைத் திறக்கலைன்னா உன் போனும் திறக்காதுன்னு நினைச்சியா? அதுக்கு வாய் ஓயாது. எந்த இடம், என்னைக்கு, எத்தனை மணி, எவ்வளவு உயரம், எந்தக் கம்பெனி போன், எல்லாத்தையும் படத்துக்குள்ளேயே எழுதி வெச்சிடும். மெட்டாடேட்டான்னு பேரு. படத்தை யாருக்குக் கொடுக்கிறியோ அவங்களுக்கு அதுவும் சேர்ந்துதான் போகும்."

"குஞ்சுகளைத் திருடி விக்கிறவங்க இருக்காங்க," என்றேன்.

அக்கா சிரிப்பதை நிறுத்தினாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"பறவைக் குழுவுல படிச்சேன். வேட்டைக்குப் பழக்கறதுக்கு வாங்குவாங்களாம். போன வருஷம் ஒருத்தர் கூட்டுப் படம் போட்டிருக்கார். மறுநாள் காலையில கூடு காலி."

"அப்போ யாருக்கும் காட்டாதே."

அதுதான் கஷ்டம். சொல்லாமல் இருந்துவிடுவேன். காட்டாமல் இருக்க முடியவில்லை. தாய்ப் பறவை ஒரு சின்னத் துணுக்கு இறைச்சியை அலகு நுனியில் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, குஞ்சு வாய் திறக்கும்வரை காத்திருக்கிறது. அந்தப் பொறுமையை நான் எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை. அதை யாராவது பார்க்க வேண்டும் என்று இருந்தது.

ஆய்வகத்தில் குடுவையை மூன்று தரம் வடித்த நீரால் அலசுவோம். பிறகு வெறும் நீரை ஊற்றிச் சோதிப்போம். ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடி அலசல். படத்துக்கும் அதையே செய்தேன். அசலைத் தொடாமல் நகல் எடுத்தேன். நகலில் இடம், நேரம், உயரம், போனின் பெயர் எல்லாவற்றையும் அழித்தேன். மூடித் திறந்து பார்த்தேன். அக்காவின் போனுக்கு அனுப்பி அங்கேயும் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

"சுத்தம்," என்றாள் அக்கா. "ஆனா ஓரத்துல உங்க கட்டிடத்துப் பைப்பு பல்லைக் காட்டுது பாரு."

பைப்பையும் வெட்டினேன். மிச்சமிருந்தது பறவை, குஞ்சு, கறுத்த சிமென்ட். பார்த்தால் மலைப் பாறை என்றுதான் தோன்றும். இணையத்தில் இருக்கும் அந்தப் பறவைக் குழுவில் 'வெற்றுக்குடுவை' என்ற பெயரில் போட்டேன். இரண்டு நாளில் முன்பின் தெரியாத அறுநூறு பேர் அந்தப் பொறுமையைப் பார்த்திருந்தார்கள். நான் வாயே திறக்கவில்லை.

லிஃப்ட் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது எதிர்பாராத விஷயம். எங்கள் கட்டிடத்தின் நாலு லிஃப்டுகளும் அவர் பொறுப்பு. இயந்திர அறைக்கு ஏறும் இரும்பு ஏணியிலிருந்து பார்த்தால் அந்த விளிம்பு தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"தங்கச்சி, உன்கிட்ட ஒரு அதிசயம் காட்டணும்," என்று ஒருநாள் கூடத்து வாசலில் வந்து நின்றார். போனை நீட்டினார். என் குஞ்சுகள். மேலிருந்து எடுத்த படம். "மச்சானுங்க குரூப்ல போட்டுட்டிருக்கேன். எண்பது பேர். எல்லாரும் அசந்துடுவாங்க."

"போட்டாச்சா அண்ணே?"

"சுத்திக்கிட்டே இருக்கு. மேல சிக்னல் கிடைக்கலை. டாகுமென்டா அனுப்பறேன் பாரு, அதான் நேரமாகுது. படமா அனுப்பினா மங்கிடுது. டாகுமென்டா அனுப்பினா அப்படியே பளிச்சுன்னு போகும்னு சின்ன மச்சான் சொல்லிக் கொடுத்தான்."

அப்படியே போகும். அதுதான் பிரச்சினை. படமாக அனுப்பினால் அந்தச் செயலி விவரங்களை உதிர்த்துவிடும். டாகுமென்டாக அனுப்பினால் ஒன்று விடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதை விளக்க எனக்கு நேரமில்லை. அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தின் நடுவிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினேன். வட்டம் நின்றது.

நாலு வருஷமாக அவரிடம் நான் பேசியது "ஒன்பது" என்ற ஒரு வார்த்தைதான்.

வரைபடத்தைத் திறந்து சிவப்புப் புள்ளியைக் காட்டினேன்.

"அட, நம்ம கட்டிடம். என் போன் என்னையே காட்டிக் கொடுக்குதா?"

"எல்லாப் படத்துலயும் இருக்கும்ணே."

"எல்லாத்துலயுமா?" அவர் குரல் இறங்கியது. "போன மாசம் வயித்து வலின்னு லீவு போட்டுட்டு, மச்சினி வீட்டு மாடியில இருந்து ஒரு படம் எடுத்தேன். முந்தாநாள் சூப்பர்வைசர் கேட்டார்னு டாகுமென்டா அனுப்பினேன். அதுலயும் இருக்குமா?"

"இருக்கும்."

அவர் போனை வாங்கி அணைத்தே விட்டார். "அதான் அந்தாள் ரெண்டு நாளா வயிறு எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்காரா."

குஞ்சுத் திருடர்களைப் பற்றியும் சொன்னேன். அன்றிலிருந்து கட்டிடத்தில் அது தெரிந்தது எங்கள் இருவருக்கும்தான். ஒவ்வொரு நாளும் ஏணியிலிருந்து பார்த்துவிட்டு வந்து சொல்வார். மூன்று குஞ்சுகளில் இரண்டு துறுதுறு. மூன்றாவது பெரியது, உட்கார்ந்த இடத்தை விட்டு நகராது, சாப்பாடு வந்தால் மட்டும் வாயைத் திறக்கும். அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார்.

எங்களுக்கு நேர் கீழே, எட்டாவது மாடியில் நிஜமான மேனேஜர் ஒருவர் இருந்தார். கணக்குப் பிரிவு. எல்லாரும் படக்காரர் என்பார்கள். நகரத்துப் புகைப்படச் சங்கத்தில் பெரிய ஆள். அடுப்பூதும் குழல் போல நீளமான லென்ஸ் ஒன்று அவர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். லிஃப்டில் மாட்டிக்கொண்டால் எட்டு மாடிக்கும் எட்டுப் படம் காட்டாமல் விடமாட்டார். பிடிக்காதவர் என்று சொல்ல முடியாது. பிறந்தநாள் என்றால் யாராக இருந்தாலும் படம் எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுப்பார்.

அவர் ஒருநாள் எங்கள் கூடத்துக்குள் வந்தார். ஒரு காகிதத்தை விரித்து என் மேசையில் வைத்தார். உள்ளே எலும்புகள். மெல்லிய, சுத்தமாகக் கொத்தி எடுத்த எலும்புகள்.

"இதென்ன?"

நான் எழுந்து நின்றேன்.

"ஜன்னல் திண்டுல தினம் விழுது. லேப்ல உக்காந்து கோழி சாப்பிடறது, எலும்பை வெளியே எறியறது. படிச்ச பொண்ணுதானே நீ?"

பைரி புறாவைத்தான் பிடிக்கும். கொண்டுவந்து விளிம்பில் வைத்து உரிக்கும். எலும்பும் சிறகும் நேர் கீழே, அவர் ஜன்னலில். இருபது வருஷமாகப் பறவைப் படம் எடுப்பவர் புறா எலும்பைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து கோழி என்கிறார். சொல்ல வேண்டிய வாக்கியம் என் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அவர் குழல் லென்ஸோடு அந்த ஓட்டையில் நிற்பார். அவர் பின்னால் சங்கம் நிற்கும். அதன் பின்னால் யார் யாரோ.

"மன்னிச்சிடுங்க சார். இனிமே எறிய மாட்டேன்."

"இன்னொரு தடவை விழுந்தா ஆளை வெச்சு அந்த விளிம்பை வழிச்சு வலை அடிக்கச் சொல்லிடுவேன். புறாத் தொல்லையும் ஒழியும்."

மறுநாளிலிருந்து அவர் வருவதற்கு முன்னால் நாங்கள் எட்டாவது மாடிக்குப் போனோம். லிஃப்ட் அண்ணன் ஒரு துடைப்பக் குச்சியில் கொக்கி கட்டிக்கொண்டு வந்தார். நான் ஜன்னலைத் திறந்து பிடித்துக்கொள்ள, அவர் எலும்புகளைத் தள்ளி உறையில் போடுவார். "வாழ்க்கையில என்னென்னமோ பண்ணிட்டேன், மேனேஜர் சாப்பிட்ட எச்சிலை மேனேஜர் ஜன்னல்ல பொறுக்கறது இதான் முதல் தடவை," என்பார். ஞாயிற்றுக்கிழமை விழுந்ததை மட்டும் எங்களால் எடுக்க முடியவில்லை. திங்கட்கிழமை காலை படக்காரர் எங்களை முந்திக்கொண்டார். கட்டிடத்துக்குப் பொறுப்பான தலைமைப் பொறியாளரிடம் போய்ச் சொல்லி, வலை அடிக்க அடுத்த மாதம் முதல் திங்கள் என்று தேதியும் வாங்கிவிட்டார். அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும், அநேகமாக. ஆனால் பைரி வருஷா வருஷம் அதே விளிம்புக்குத்தான் திரும்பி வரும். வலை இருந்தால் வராது.

அந்த வாரம் 'வெற்றுக்குடுவை'க்கு ஒரு தனிச் செய்தி வந்தது. அனுப்பியவரின் முகப்பில் சூரியாஸ்தமனம், பெயர் இல்லை. உங்கள் பைரிப் படம் அற்புதம், பெரிதாக அச்சிட்டு வீட்டுச் சுவரில் மாட்ட ஆசை, தயவுசெய்து அசல் கோப்பை அனுப்ப முடியுமா, படமாக வேண்டாம், டாகுமென்டாக.

அக்காவிடம் காட்டினேன்.

"சுவர்ல மாட்டறவனுக்கு அசல் எதுக்கு? திருடன்தான். அனுப்பாதே."

"அனுப்பலைன்னா விட மாட்டான். வேற மாதிரி தேடுவான்."

"அழிச்சு அனுப்பு."

"அழிச்சது அவன்கிட்டயே இருக்கு. அவனுக்கு வேண்டியது இடம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சின்ன வயதில் அம்மாவிடம் மாட்டாமல் இருக்க நாங்கள் இப்படிப் பார்த்துக்கொள்வோம்.

"இடத்தை அழிக்கத் தெரிஞ்ச மாதிரி," என்றாள், "மாத்தவும் முடியும், தெரியுமில்ல?"

எந்த இடத்தை வைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. அட்சரேகை தீர்க்கரேகையோடு எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இட எண் ஒன்றுதான். ஊருக்குக் குடிநீர் தரும் அணையில் ஐந்து இடங்களில் சோதனைக்குத் தண்ணீர் எடுப்போம். வாரம் தவறாமல் நான் போகும் படகு நிற்பது நான்காம் மாதிரிப் புள்ளியில். போத்தலுக்குப் போத்தல் அந்த இட எண்ணை எழுதியே என் கை பழகிவிட்டது. நகலில் அதை இட்டேன். நேரமும் போனின் பெயரும் உயரமும் காலி. இடமும் தேதியும் மட்டும். டாகுமென்டாக அனுப்பினேன். திருடன் அணைக்குப் போகட்டும். நீந்தத் தெரிந்திருந்தால் தேடட்டும்.

நன்றி என்று ஒரு கைகூப்பு வந்தது. அதோடு சரி.

குஞ்சுகளின் வெள்ளைத் தூவி உதிர்ந்து பழுப்புச் சிறகு முளைத்தது. முதலாவது ஒரு காலையில் விளிம்பில் நின்று அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, தற்செயலாக விழுவதுபோல் பறந்துபோனது. மறுநாள் இரண்டாவது. மேனேஜர் நகரவில்லை.

அதே நேரத்தில் எங்கள் கட்டிடத்தின் தரைத்தள மண்டபத்தில் புகைப்படச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி. மண்டபத்தைப் படக்காரர்தான் வாங்கிக் கொடுத்திருந்தார். மதிய இடைவேளையில் அக்கா வந்திருந்தாள். இருவரும் சும்மா சுற்றினோம். நுழைந்ததும் எதிர்ச்சுவரில், கதவு அகலத்துக்கு, சட்டம் போட்டு, விளக்கு போட்டு, என் தாய்ப் பறவை தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது.

கீழே அட்டையில் படக்காரர் பெயர். முதல் பரிசு. 'மூன்று நாள் மலையேற்றம், பாறை விளிம்பில் காத்திருப்பு.' அதன் கீழே, படம் எடுத்த இடம் என்று ஓர் எண்.

போன வருஷம் ஒருவர் மிருகக்காட்சி சாலைக் கரடியைக் காட்டுக் கரடி என்று கொடுத்துப் பரிசு வாங்கிவிட்டாராம். அதனால் இந்த வருஷம் கோப்பிலேயே இடக்குறிப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சூரியாஸ்தமனம் குஞ்சுத் திருடன் இல்லை. படத் திருடன்.

அட்டையில் இருந்த எண் என் கை எழுதும் எண். நான்காம் மாதிரிப் புள்ளி.

அக்கா என் தோளைப் பிடித்தாள். "சொல்லு. இப்பவே போய்ச் சொல்லு. நான் வேணா சொல்லவா?"

"மேனேஜர் இன்னும் பறக்கலை."

"எந்த மேனேஜர்? இந்தாளா?"

"குஞ்சு."

படத்தைத் திருடியதில் எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். அட்டையில் இருந்த அந்த எண்தான் என்னை நிற்க விடவில்லை. அவருக்கு அது நிஜமான கூடு. நிஜமான கூட்டின் இடத்தை விளக்குப் போட்டு, ஊர் பார்க்க, படத்துக்குக் கீழேயே எழுதி வைத்திருக்கிறார். அது உண்மை எண்ணாக இருந்திருந்தால் இன்றைக்கு விளிம்பில் மணல் மட்டும்தான் இருந்திருக்கும்.

பரிசளிப்பு வெள்ளிக்கிழமை. வலை அடிப்பது அதற்கடுத்த திங்கள். மேனேஜருக்கு நாற்பத்திரண்டு நாளும் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சாப்பாட்டை முடித்துவிட்டு விளிம்பில் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை மண்டபம் நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் தலைமைப் பொறியாளர். மேடையில் நடுவர். பறவைகளைப் பற்றியே நாற்பது வருஷம் ஆராய்ச்சி செய்த அம்மா, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். நானும் அக்காவும் கடைசி வரிசை. லிஃப்ட் அண்ணன் ஏணியில். மேனேஜர் பறந்தால் செய்தி அனுப்புவதாகப் பேச்சு. பறக்காவிட்டால் நான் பேசப் போவதில்லை. பரிசு போகட்டும். வலைக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

படக்காரர் மைக்கைப் பிடித்தார்.

"சிரமம்னு சொல்ல மாட்டேன். தவம்னுதான் சொல்லணும். ரெண்டாவது நாள் தண்ணி தீர்ந்து போச்சு. கால்ல அட்டை. அந்தப் பறவை என்னைப் பார்க்குது, நான் அதைப் பார்க்கிறேன். அசைஞ்சா பறந்துடும். மூச்சை அடக்கிக்கிட்டு ஒரே ஒரு கிளிக்."

"தண்ணி தீர்ந்து போச்சாம்," என்று அக்கா என் காதில் சொன்னாள். "அணைக்கு நடுவுல நின்னுக்கிட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கியதில் அது விக்கலாக வெளியே வந்தது.

கைதட்டல் முடிந்தது. நடுவர் முன்னால் குனிந்தார். "படத்தைப் பத்தி யாராவது ஏதாவது கேக்கணுமா?"

என் கையில் போன் அதிர்ந்தது. லிஃப்ட் அண்ணன். 'மேனேஜர் கிளம்பியாச்சு. எதிர்த்த கட்டிடத்து மொட்டைமாடியில போய் உக்காந்துட்டார். ஜம்முனு இருக்கார்.' கூடவே ஒரு படம். டாகுமென்டாக இல்லை. படமாக.

நான் எழுந்தேன். எழுந்துவிட்டேன் என்பதே எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது, நூறு தலைகள் திரும்பியதைப் பார்த்தபின். யாரோ மைக்கை என் கையில் வைத்தார்கள். அக்கா என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இழுக்கவில்லை, பிடித்திருந்தாள்.

"சார், எந்த இடத்துல நின்னு எடுத்தீங்க?"

என் குரல் ஒலிபெருக்கியில் வேறு யாருடையதோ போல் இருந்தது.

படக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். "நம்ம மேல் மாடி லேப் பொண்ணு. பரவாயில்லையே, பேசுதே. அட்டையில நம்பர் போட்டிருக்கு பாரும்மா. அதே பாறை மேலதான்."

"அது பாறை இல்லை சார். நான்காம் மாதிரிப் புள்ளி."

"என்னது?"

"அணைக்கு நடுவுல இருக்கு. வாரா வாரம் படகுல போய் அங்கேதான் தண்ணி எடுக்கிறோம். ஆழம் முப்பது மீட்டர்."

முதல் வரிசையில் தலைமைப் பொறியாளர் மெதுவாகத் திரும்பினார். அணையும் அவர் பொறுப்புதான். எழுந்து போய், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து அட்டையைப் படித்தார். "ஆமாய்யா," என்றார். "இது நம்ம அணை நம்பர்தான்." மண்டபத்தில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது.

படக்காரர் கையை உயர்த்தினார். "ஜி.பி.எஸ். கொஞ்சம் முன்னே பின்னேதான் காட்டும். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்."

"காட்டும் சார். ஒரு பத்து அடி, இருபது அடி. கரையே அங்கேயிருந்து ஒன்றரை கிலோமீட்டர். மலை அதுக்கும் அப்பால." நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். "அந்த நம்பரை அந்தப் படத்துக்குள்ள வெச்சது நான்தான். குஞ்சுத் திருடன் கேக்கிறான்னு நினைச்சு, உண்மையான இடத்தை அழிச்சிட்டு அதை வெச்சேன். ஒரே ஒருத்தருக்குத்தான் அனுப்பினேன். அவருக்குப் பேர் இல்லை. சூரியாஸ்தமனம் மட்டும் இருந்தது."

யாரும் சிரிக்கவில்லை இப்போது. படக்காரர் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்தார். குடிக்காமல் வைத்தார்.

"தங்கச்சி," என்றார், மைக்கை விலக்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில். "உக்காரும்மா. அப்புறம் பேசிக்கலாம்."

"பேச விடுங்க," என்றார் நடுவர். "அம்மா, அசல் உன்கிட்ட இருக்கா?"

நடந்து போய் மேடையில் ஏறினேன். போனை நடுவரிடம் கொடுத்தேன். வெட்டாத, அலசாத அசல். ஓரத்தில் பைப்பு. விவரங்களில் என் போனின் பெயர், தேதி, காலை எட்டு பத்து, உயரம், இடம். அதற்கு முன்னும் பின்னும் இருநூறு படங்கள். முட்டையிலிருந்து இன்று காலை வரை. நடுவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனார். மேனேஜர் வாயைத் திறந்துகொண்டிருக்கும் படத்தில் நின்று தன்னை மறந்து சிரித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லலை?"

"இன்னைக்குத்தான் கடைசிக் குஞ்சு பறந்தது."

"எப்போ?"

"இப்போ. ஒரு அஞ்சு நிமிஷம் ஆச்சு."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எனக்காக யாரும் அதுவரை எழுந்ததில்லை. தலைமைப் பொறியாளர் பக்கம் திரும்பி, "இந்தப் பறவை வருஷா வருஷம் அதே இடத்துக்குத்தான் திரும்பி வரும். எந்த இடமா இருந்தாலும் அதை யாரும் தொடாம நீங்கதான் பாத்துக்கணும்," என்றார். பொறியாளர் என்ன இடம் என்று தெரியாமலேயே தலையாட்டினார். "என் எல்லைக்குள்ள இருந்தா கண்டிப்பா. நூறு பேர் முன்னாடி சொல்றேன்."

அது போதும் எனக்கு.

"அப்போ நிஜமா எங்கேம்மா எடுத்தே?" என்று கேட்டார் நடுவர்.

கடைசி வரிசையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கதவருகில் ஏணி தூசியோடு லிஃப்ட் அண்ணன், கையில் கொக்கி கட்டிய குச்சி. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நிசப்தம் எப்போதும் என்னை விழுங்கிவிடும். இன்றைக்கு அது எனக்காகக் காத்திருந்தது, தலையைச் சாய்த்துக்கொண்டு.

"இந்தக் கட்டிடத்துல," என்றேன். "ஒன்பதாவது மாடி விளிம்புல. சாரோட ஜன்னலுக்கு நேர் மேல."

படக்காரரைப் பார்த்தேன். முதல் தடவையாக நேராக.

"அது கோழி எலும்பு இல்லை சார். புறா."